மஞ்சளேறிய திரை

அத்தியாயம் 14

செவ்வாய்க்கிழமை மழையில் ராத்ரியின் லேப்டாப் செத்துப்போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கூரையில் ஓடு விலகித் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அம்மா சுஹர்த்தி மகன் தனாங்கைத் திட்டித் தீர்த்தாள். தனாங் ஏறி ஓட்டை மாற்றினான். கழற்றிய ஓடு விலகியும் இல்லை, உடைந்தும் இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தெருப் பெண்களின் சீட்டுக் குலுக்கலில் அம்மா பெயர் வந்தது. தனாங்கின் நிச்சயதார்த்தத் தட்டுகளுக்காகப் போட்ட சீட்டு அது. அம்மா பண உறையைப் பிரிக்காமல் அப்படியே மகள் ராத்ரி கையில் வைத்தாள்.

"லேப்டாப் வாங்கிக்கோ" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அம்மா எதையும் பேசாமல் கொடுக்கிறவள் அல்ல.

இன்று சனிக்கிழமை.

காலை ஆறு மணிக்கு ராத்ரி ஜெராக்ஸ் கடையிலிருந்து வெளியே வந்தாள். யோக்யகர்த்தாவில் மாணவர்கள் தூங்குவதில்லை, அதனால் அந்தக் கடையும் தூங்குவதில்லை. ஓவியக் கல்லூரியை இரண்டாம் வருடத்தில் விட்டவள், இரவெல்லாம் மற்றவர்களின் பட்ட ஆய்வேடுகளுக்கு அட்டை போட்டுக் கொடுக்கிறாள். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததா என்று கேட்டால், பசை நாற்றம்தான் வருத்தம் என்பாள்.

இரவு வேலை பார்க்கிறவளுக்குக் காலை என்பது அடுத்தவர் கனவுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டதைப் போல. மழை விட்ட தெருவில் சைக்கிள்கள் சத்தமில்லாமல் போயின. மெராபி எரிமலையின் உச்சி மேகத்துக்கு மேலே தனியாக மிதந்தது, அடியில் மலை இல்லாதது போல. ராத்ரி அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்ணால் எடுத்துக்கொண்டாள். மழையைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஓர் எருமையைப் பற்றிய குழந்தைகள் புத்தகத்துக்கு அவள் படம் வரைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு பக்கம். ஒன்பது முடிந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் மிச்ச மூன்றும் ஜகார்த்தா போய்ச் சேராவிட்டால் வேறு ஓவியர் தயாராக இருக்கிறார் என்று பதிப்பாசிரியர் ஹப்சாரி மரியாதையாகவே எழுதியிருந்தார்.

மரியாதையாக எழுதினால் பயம் அதிகம்.

*

வீட்டு முன்னறையில் அம்மா மாணவர்களின் அழுக்குத் துணியைக் கிலோக் கணக்கில் நிறுத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி மேசைக்கு அடியில் வாசனைத் திரவ டப்பாக்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு டம்ளர் தேநீர். சர்க்கரை போடாதது. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஆறு மாதமாக வீட்டில் சர்க்கரை டப்பாவே கிடையாது. திங்கட்கிழமை மறுபடி ரத்தப் பரிசோதனை.

"தூங்கிட்டுப் போயேன்டி."

"தூங்கினா எந்திரிக்க மாட்டேம்மா."

வாசலில் தனாங் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாடகைக்கு ஆளேற்றுகிற பைக். உடம்பில் அந்த வேலைக்கான பச்சைச் சட்டை.

"வாங்க மகாராணி. என் நிச்சயதார்த்தத் தட்டு பதினொண்ணும் இன்னைக்கு லேப்டாப்பா மாறப்போகுது. பொண்ணு வீட்டுக்கு அதையே தூக்கிட்டுப் போறேன். மேல வாழைப்பழம் வெச்சு."

"மாஸ், நான் கேட்டு வாங்கல." அண்ணனை அவள் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ கேக்கல. அதான் ஆச்சரியமா இருக்கு. நான் எட்டு வருஷமா கேட்டும் ஹெல்மெட் வரல."

அம்மா தலையைத் தூக்கவில்லை. அளவாகப் போட வேண்டிய வாசனைத் திரவத்தை ஒரு சட்டைமேல் நாலு தடவை பீய்ச்சினாள்.

ராத்ரி பையைச் சரிபார்த்தாள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க், படங்கள் எல்லாம் அதில்தான். லினக்ஸ் ஏற்றிய ஒரு பென் டிரைவ். வரைகிற பலகை, பேனா. திருப்புளி.

"கல்யாணத்துக்குப் போறாளா, திருடப் போறாளா?" என்றான் தனாங்.

*

பைக்கில் அவள் அண்ணன் முதுகில் சாய்ந்து தூங்கினாள். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் எருமை கண்ணுக்குள் வந்து நின்றது. பச்சை விழுந்ததும் நடந்தது.

யாயுக்கின் கடை, கடை இல்லை. கலியுராங் ரோட்டுக்கு உள்ளே தள்ளி ஒரு வீடு. வங்கிகளும் காப்பீட்டு அலுவலகங்களும் மூன்று வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப் போடும் லேப்டாப்புகளை யாயுக் மொத்தமாக வாங்குவாள். வரவேற்பறை முழுக்க அவை செங்கல் மாதிரி அடுக்கியிருந்தன. நாற்பது வயது, மூக்கு நுனியில் கண்ணாடி. சுவரில் ஒரே ஓர் அறிவிப்பு: பிரித்துப் பார்த்துவிட்டு வாங்கு, வாங்கிவிட்டு வராதே.

"ம்பாக், படம் வரையறதுக்கு வேணும்" என்றாள் ராத்ரி, அக்கா என்கிற முறையில்.

"விண்டோஸ் போட்டுத் தரவா?"

"வேணாம். லினக்ஸ் கையோட இருக்கு."

யாயுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "நல்லது. இங்க வர்றவங்க எல்லாம் கேமுக்கு வேணும்னு சொல்றாங்க. வேலைக்குன்னு அம்மாகிட்ட சொல்லியிருப்பாங்க."

இரண்டை எடுத்து வைத்தாள். விலை இரண்டுக்கும் ஒன்றுதான், உறைக்குள் அடங்குவது.

முதலாவது வெள்ளி நிறம், ஒரு விரல் கனம். மூடியைத் திறந்தால் திரை தண்ணீர் மாதிரி விரிந்தது. இரண்டாவது கறுப்பு, தடிமன், ஓரமெல்லாம் தேய்ந்து, யாரோ குமாஸ்தா ஒட்டிய குழந்தைப் படம் பாதி கிழிந்து கிடந்தது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" தனாங் வெள்ளியைத் தொட்டான். "காபிக் கடையில இதைத் திறந்து வெச்சா நாலு பேர் மதிப்பான். அதைத் திறந்து வெச்சா கரண்ட் பில் கட்ட வந்திருக்கியான்னு கேப்பான்."

ராத்ரி இரண்டையும் கவிழ்த்தாள். கறுப்பில் ஐந்து திருகு. கழற்றியதும் அடிமூடி கையோடு வந்தது. மெமரி தனி, டிஸ்க் தனி, காற்றாடி தனி, பேட்டரி இரண்டு கொக்கியில். எது போனாலும் அதை மட்டும் மாற்றலாம். வெள்ளியைத் திறக்க யாயுக் மெல்லிய தகட்டை ஓரம் முழுக்க ஓட்ட வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் ஒரே பலகையில் ஒட்டிப்போய் இருந்தது.

"மெமரி?"

"பலகையோட பத்த வெச்சது. கூட்ட முடியாது. போச்சுன்னா பலகையே போச்சு" என்றாள் யாயுக். "திரையும் பசை போட்டு ஒட்டினது. நான் மறைக்க மாட்டேன். ஆனா நிறம் பாரு, அந்த மாதிரி நிறம் இந்த விலைக்குக் கிடைக்காது."

அது உண்மை. பென் டிரைவைச் செருகி இரண்டிலும் லினக்ஸை எழுப்பினாள். வைஃபை வந்தது. மூடித் திறந்தால் விழித்தது. வரைபலகையைப் பொருத்தினாள். பேனாவை அழுத்தினால் கோடு தடித்தது, விட்டால் மெலிந்தது. இரண்டும் ஒழுங்காகவே இருந்தன. ஆனால் வெள்ளியின் திரையில் அவள் சும்மா இழுத்த நீலக் கோடு உயிரோடு இருந்தது. ராத்ரி இன்னொரு கோடு இழுத்தாள். ஒட்டினால் ஒட்டட்டும். உடைகிற அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம். தூக்கமில்லாத தலை எல்லாவற்றுக்கும் சரி என்றது.

"மாஸ், இதை எடுத்துக்கலாம்னு..."

"அப்படிச் சொல்லு."

"ஒரு பக்கம் திறந்து பாத்துடறேன்."

டிஸ்க்கை ஒயர் வழியாகச் சேர்த்து ஏழாம் பக்கத்தைத் திறந்தாள். எருமை ஒரு பாலத்தில் நிற்கிறது. மேலே சாம்பல் மழை. மூன்று வாரம் உட்கார்ந்து போட்ட சாம்பல்.

திரையில் மழை ஊதாவாக இருந்தது.

கத்தரிப்பூ நிறம். பாலம், ஆறு, எருமையின் முதுகு எல்லாவற்றிலும் அது வழிந்தது. ராத்ரி இமைத்துப் பார்த்தாள். தூக்கம் இல்லை என்றால் இப்படித் தெரியும் என்று நினைத்தாள்.

"திரை கெட்டுப்போயிருக்கு" என்றாள்.

யாயுக் அதையே கறுப்பில் திறந்தாள். அங்கே கொஞ்சம் மங்கல். ஆனாலும் ஊதா. தனாங்கின் போனுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஊதா.

"உன் பழசுக்கு எத்தனை வயசு?"

"பதினோரு வருஷம். நான் வாங்கும்போதே பழசு."

"அப்ப கெட்டது இது இல்லம்மா. பழைய திரை வயசாகி மஞ்சளாகியிருக்கும், கொஞ்சம் பச்சையும் சேர்ந்து. உன் கண்ணுக்குப் பழகிப்போச்சு. அந்த மஞ்சளைச் சரிக்கட்ட நீ ஊதாவை அள்ளிக் கொட்டியிருக்க. உனக்குச் சாம்பல். உலகத்துக்கு ஊதா."

தனாங் சிரித்துவிட்டான். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தபோதும் ஊதாவாகத்தான் வந்தது. மை சரியில்லை என்று மெஷினைத் திட்டியிருக்கிறாள். அவள் போன் கண்ணாடி விரிசல் விட்டது, அதனால் போனை நம்பவில்லை. ஹப்சாரி ஒருமுறை 'உங்கள் ஊதா மழை' என்று எழுதியிருந்தார். ஜகார்த்தாக்காரர்கள் அப்படித்தான் அலங்காரமாகப் பேசுவார்கள் என்று விட்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் திருத்தணும். ஒன்பது பக்கம்" என்றாள் ராத்ரி. அங்கேயே நின்று ஹப்சாரிக்கு எழுதினாள்: நிறத்தில் தவறு நடந்துவிட்டது, சரிசெய்ய இரண்டு நாள் கூடத் தர முடியுமா.

பதில் உடனே வந்தது. 'எந்தத் தவறு? அந்த ஊதாவையா சொல்கிறீர்கள்? தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். முப்பது பேரில் உங்களை எடுத்ததே அதற்காகத்தான். மிச்ச மூன்றும் அதே கையாக இருக்க வேண்டும். திங்கள் ஒன்பது மணி.'

மூவரும் அதைப் படித்தார்கள்.

"அப்ப பிரச்சினை இல்லையே" என்றான் தனாங். "ஊதாவைப் போடு, அனுப்பு."

"எவ்வளவு போடணும்னு எனக்குத் தெரியாது, மாஸ். நான் ஊதாவே போடலையே. நான் சாம்பல்தான் போட்டேன்."

யாயுக் ஒரு நாற்காலியைத் தள்ளினாள். "திரையை மஞ்சளாக்க உன் லினக்ஸ்லயே வழி இருக்கு. முயற்சி பண்ணு."

ராத்ரி வெள்ளியில் ஒரு மணி நேரம் முயன்றாள். மஞ்சளாக்கினாள். பச்சை சேர்த்தாள். வரைந்தாள். மஞ்சளை அணைத்துவிட்டுப் பார்த்தாள். ஊதா வந்தது, ஆனால் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி ஒரே சீராக வந்தது. பழைய திரை சீராக மஞ்சளாகவில்லை. இடது மூலையில் பழுப்பு, நடுவில் வெளிறல், கீழே ஒரு பட்டை. ஒவ்வொரு இடத்துக்கும் அவள் கை ஒவ்வொரு விதமாக நகர்ந்திருக்கிறது. கையைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

வெளியே மழை பிடித்தது. யாயுக் தேநீர் கொண்டுவந்தாள், இந்த ஊர்த் தேநீர், மல்லிகை மணக்க, பாகு மாதிரி இனிப்பு. ராத்ரி ஒரு வாய் குடித்துவிட்டு அடுக்கிக் கிடந்த கறுப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனவில் ஒரு பொருள் எதற்கு இருக்கிறது என்று திடீரென்று புரியுமே, அப்படி.

"ம்பாக். இந்தக் கறுப்புல திரையை எப்படிக் கழட்டுவீங்க?"

"ஓரச் சட்டம் எடுத்தா நாலு திருகு, ஒரு ஒயர்."

"என் பழசும் இதே வம்சம். அகலமும் இதேதான்."

யாயுக் கறுப்பின் சட்டத்தை அங்கேயே பிரித்து, ஒயர் முனையைப் போனில் படம் எடுத்துக் கொடுத்தாள். "உன் வீட்டுத் திரைக்குப் பின்னால இதே முனை இருந்தா சேரும். இல்லேன்னா சேராது. திருப்பி எடுத்துக்க மாட்டேன், சுவத்தைப் பாரு."

தனாங் வெள்ளியைக் கடைசியாக ஒருமுறை தடவினான். "நல்ல திரையைக் கழட்டிட்டு அழுக்குத் திரையை மாட்டப்போறா. இதை நான் வெளிய சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க."

ராத்ரி உறையை யாயுக்கிடம் நீட்டினாள்.

*

மூன்று மணிக்கு வீட்டில் யாரும் இல்லை. அம்மா துவைத்த மூட்டைகளை மாணவர் விடுதியில் கொடுக்கப் போயிருந்தாள். இஸ்திரி மேசையைத் துடைத்து இரண்டு லேப்டாப்பையும் அருகருகே வைத்தார்கள். ஒன்று பிணம், ஒன்று குமாஸ்தா.

பழைய திரையைக் கழற்றிப் பின்னால் பார்த்தாள். அதே முனை.

அவள் முகத்தைத் தனாங் பார்த்தான். பார்க்காத மாதிரி, "சும்மா நிக்கறேன், எனக்கும் ஏதாவது வேலை குடு" என்றான்.

"பழசுல ரெண்டு மெமரி. ஒண்ணு கீபோர்டுக்கு அடியில. அதை எடு, இதுல சேருதான்னு பாக்கலாம்."

ராத்ரி புதியதில் திரையைப் பொருத்தி, ஒயரை அழுத்தி, தன் டிஸ்க்கைச் செருகி, பொத்தானை அமுக்கினாள். லினக்ஸ் வேற்று வீடு என்று முரண்டு பிடிக்கவில்லை. அவளுடைய தூரிகைகள், அடுக்குகள், செவ்வாய்க்கிழமை விட்ட இடம் எல்லாம் அப்படியே எழுந்து வந்தன. ஏழாம் பக்கம். அழுக்கு மஞ்சள் திரையில் சாம்பல் மழை பெய்தது. அவளுடைய மழை.

"மாஸ், வந்துடுச்சு!"

தனாங் குனிந்தபடியே இருந்தான். கையில் கழற்றிய கீபோர்டு. அதன் அடியில் பழுப்பாக ஏதோ காய்ந்து, மினுமினுத்துக் கண்ணாடி மாதிரி ஒட்டியிருந்தது. மல்லிகை வாசனை. அதன்மேல் எறும்புகள்.

"மழைத் தண்ணியில ஏதுடி சர்க்கரை?" என்றான் மெதுவாக.

எறும்புகள் ஒரே வரிசையில் மேசைக்காலில் இறங்கி, வாசனை டப்பாக்களுக்கு நடுவே புகுந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போய் முடிந்தன. தனாங் அதை எடுத்து ஆட்டினான். கற்கண்டு குலுங்கியது.

கூரை ஓடு விலகவே இல்லை. உறை ஏன் பேசாமல் கைமாறியது என்பதும் அவனுக்கு இப்போது விளங்கியது. நாலு நாளாக வாங்கிய திட்டு எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது.

வாசலில் குடை மடங்கும் சத்தம். அம்மா உள்ளே வந்தாள். திறந்து கிடந்த பழைய லேப்டாப்பைப் பார்த்தாள். மகன் கையில் இருந்த டின்னைப் பார்த்தாள். ஈரக் குடையைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"தினமும் இல்ல" என்றாள். யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

தனாங் வாயைத் திறந்தான். சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அம்மா அவனைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு இவ தூங்கிட்டிருந்தா. படம் திறந்தே இருந்துச்சு. டம்ளரோட உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன். ஒன்பதுல அந்த எருமை தனியா ஆத்துல இறங்குது. அப்புறம் என்னாச்சுன்னு பாக்க எதையோ அமுக்கினேன், அடுத்த பக்கம் வரல. மறுபடி அமுக்கினேன். டம்ளர் சாஞ்சிடுச்சு."

"பத்தாம் பக்கம் இல்லம்மா. இன்னும் வரையல."

"எனக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டுமேல் மழை கொட்டியது. ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.

அம்மா துணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை நான் ரத்தம் குடுக்கப் போகமாட்டேன்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதை மட்டும் என்கிட்டப் பேசாதீங்க."

தனாங் அவளைப் பார்த்தான். ஆறு மாதத்தில் அம்மாவின் மணிக்கட்டு எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. டின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தான். திரும்பக் கொடுக்கவில்லை.

"அப்ப எங்கதான் போச்சு அந்த எருமை?" என்றாள் அம்மா.

"இருங்க."

ராத்ரி பத்தாம் பக்கத்தைத் திறந்தாள். வெற்றுப் பக்கம் அந்தத் திரையில் மஞ்சளாக விரிந்தது, இடது மூலையில் பழுப்பு, கீழே பட்டை. ஓர் எறும்பு வழி தவறி அதன் குறுக்கே நடந்தது. அது போகட்டும் என்று காத்திருந்து பேனாவை வைத்தாள். கை தானாக நகர்ந்தது. முதல் தாரை சாம்பலாக விழுந்தது. இந்தத் திரையில் அது எப்போதும் சாம்பல்தான். ஊதா ஜகார்த்தாவில் தெரியும்.